பருத்தி மாதிரிதான்

அப்பா இன்சுலின் போட்டுக்கொள்ளத் தொடங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது. வலது காலில் ஆறாமல் கிடந்த புண் அப்போதுதான் வாய் மூட ஆரம்பித்திருந்தது. நான் என் வாயைத் திறந்தேன்.

பெரம்பலூரில் பயோடெக்னாலஜி படித்துக்கொண்டிருந்தேன். அந்த வாரம் ஆய்வகத்தில் ஜெல்லி மீனின் மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் ஏற்றி, அது பச்சையாக ஒளிரும் புரதத்தைச் செய்வதைக் கண்ணால் பார்த்திருந்தேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. சனிக்கிழமை விக்கிரமங்கலம் பக்கத்து எங்கள் ஊருக்குப் போனதும் மாட்டியவர் அப்பா.

"உங்க ஊசி மருந்து எப்படி வருதுன்னு தெரியுமாப்பா? மனுசனோட மரபணுவை எடுத்துக் கிருமிக்குள்ள வெச்சிடுவாங்க. அது இன்சுலினாச் செஞ்சு கொட்டும்."

ஊசியும் கையுமாக அவர் விழித்தார். அவருக்குப் புரிகிற மாதிரி சொல்லும் அவசரத்தில், "நாம மரபணு மாத்துன பி.டி. பருத்தி போட்டோமில்ல, அது மாதிரிதான்" என்றேன்.

அந்தப் பருத்திக்குப் புழுவே வராது என்று விதைக் கடையில் அடித்துச் சொல்லியிருந்தார்கள். போட்ட இரண்டு வருடமும் காய்க்குள் இளஞ்சிவப்புப் புழு. அதிலிருந்து எங்கள் ஊரில் 'பி.டி.' என்றால் ஏமாற்று என்று அர்த்தம். "என்னய்யா, ஒம் மாப்ளயும் பி.டி.தானா?" என்று கேலி செய்வார்கள்.

அப்பா ஊசியை மூடினார். "அப்ப இதுவும் பி.டி.யா?"

"ஐயோ, அது வேற, இது வேறப்பா!"

"நீதானே அது மாதிரின்னே? படிச்ச புள்ள பொய்யா சொல்லும்?"

நோட்டில் படம் போட்டுக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்துவிட்டு, "காட்டுல புழுவை விட்டானுங்க. இப்ப ஒடம்புல கிருமிய விடுறானுங்க" என்றார். அன்றோடு ஊசி நின்றது.

"ஒன்னய யாருடி பாடம் எடுக்கச் சொன்னா?" என்று அம்மா என்மேல் பாய்ந்தாள்.

பொங்கலுக்கு முன் கால் கறுத்தது. அரியலூர் ஆஸ்பத்திரியில் முதலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். பிறகு கணுக்காலுக்கு மேலே.

அதற்கு மூன்றாம் நாள் ஒரு நர்ஸ் வந்தார். "சுகர் ஊசிங்கய்யா, சட்டையத் தூக்குங்க."

அதே இன்சுலின். அப்பா சட்டையைத் தூக்கினார். எதிலிருந்து வந்தது என்று அவர் கேட்கவில்லை. நர்ஸும் சொல்லவில்லை.

நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போனதும் அப்பா என் பக்கம் திரும்பினார்.

"நல்ல புள்ள. வளவளன்னு பேசல பாரு."

"ஆமாம்ப்பா" என்றேன்.