வெயிட் போடாத குக்கர்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்து, சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்டு, சென்ற ஆண்டு எங்களை விட்டுப் பிரிந்த எங்கள் அக்காவைப் பற்றி, ஆண்டுப் படையலன்று படிக்க, நான்தான் எழுத வேண்டும் என்று மாமா கேட்டுக்கொண்டார். மாமா என்றால் அக்காவின் கணவர். நான் அக்காவின் ஒரே தம்பி. கடலூரில் மிக்ஸி, குக்கர், கேஸ் அடுப்பு பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். எழுதிப் பழக்கமில்லை. அதோடு, எழுத உட்கார்ந்த பிறகு தெரியவந்த ஒரு விஷயத்தால் தலை குழம்பிப் போயிருக்கிறது. சொல்வது முன்னே பின்னே இருந்தால் உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் அப்பா காலமானபோது அக்கா பன்னிரண்டாம் வகுப்பை முடித்திருந்தார். நான் ஏழாவது. மேலே படிக்க ஆசை இருந்தும், அக்கா ஒரு ஜவுளிக் கடையில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தார். அந்தச் சம்பளத்தில்தான் வீடு நடந்தது, நான் ஐ.டி.ஐ. படித்தேன். எனக்கு வேலை கிடைக்கும்வரை தன் கல்யாணப் பேச்சையே எடுக்கவிடவில்லை. மாமா சிதம்பரத்தில் லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்ப்பவர். மேல வீதிக்குப் பின்புறச் சந்தில் குடித்தனம். ஒரு மகள். எல்லாரும் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம், இப்போது கல்லூரியில் படிக்கிறாள்.

அக்காவின் கைப்பக்குவம் உங்களுக்கெல்லாம் தெரியும். அவர் எதையும் ருசி பார்த்ததில்லை. மீன் குழம்பு கொதி வரும்போது சட்டிக்கு மேலே முகத்தைக் கொண்டுபோய், "புளி இன்னும் பச்சையா இருக்கு" என்பார். அரைக் கரண்டி வெந்தயம் ஜாஸ்தியானால் வாசலில் இருந்தே கண்டுபிடிப்பார். அப்படிப்பட்டவர் ஒரு வருடம் திடீரென்று குழம்பு வைப்பதையே விட்டுவிட்டார். மாமாதான் காலையில் சமைத்துவிட்டு ஆபீஸ் போவார். நாங்கள் அவரை அடுப்படி மாமா என்று கிண்டல் செய்தோம். மனிதர் சிரித்துக்கொண்டே வெங்காயம் நறுக்குவார்.

அக்கா அதற்குப் பதில் பிடித்துக்கொண்டது சோளப்பொரி. பாப்கார்ன் என்று பாப்பா சொல்வாள். மளிகைக் கடையில் காய்ந்த சோளம் வாங்கி வந்து, என் கடையில் ஓரமாகக் கிடந்த பழைய மூன்று லிட்டர் குக்கரைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். இரண்டு கரண்டி எண்ணெய், அந்த எண்ணெயிலேயே உப்பும் சிட்டிகை மஞ்சள்தூளும், குக்கரின் அடி மறையும் அளவுக்கு மட்டும் சோளம். கேஸ்கட்டைக் கழற்றிவிட்டு, வெயிட் போடாமல் மூடுவார். "வெயிட் போடாத குக்கருக்கு மூடி எதுக்குக்கா, தட்டு போட்டா போதாதா?" என்று தொழில்காரன் தோரணையில் கேட்டேன். "தட்டு போட்டா சத்தம் சரியா கேக்காதுடா" என்றார். அப்போது அது எனக்குப் புரியவில்லை. சத்தம் கேட்டு என்ன செய்யப் போகிறார் என்று விட்டுவிட்டேன்.

முதலில் ஒன்றிரண்டு வெடிக்கும், பிறகு படபடவென்று கொட்டித் தீர்க்கும், பிறகு தளரும். அக்கா காதை அந்தப் பக்கம் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் நடுவில் இரண்டு எண்ணும் அளவு இடைவெளி வந்தால் அடுப்பை அணைத்துவிடுவார். ஒருநாளும் தீய்ந்ததில்லை.

அப்புறம் கூடத்தில் ஆறு கிண்ணம் வரிசையாக வைப்பார். மிளகுத்தூள், இட்லிப்பொடி, மிளகாய்த்தூள், கறிவேப்பிலைப் பொடி, முந்திரி போட்ட வெல்லப்பாகு, எதுவும் சேர்க்காமல் ஒன்று. பொடி அடியில் தங்கிவிடாமல் ஒட்ட வேண்டும் என்று பொரியின் மேல் உருக்கிய நெய்யைத் தெளிப்பார். எது எவ்வளவு என்று அவரே போடமாட்டார். "நீயே போட்டுக்கோ. வாசனை எப்பிடி இருக்கு, சொல்லு" என்று ஒவ்வொருவரிடமும் கேட்பார். உப்பு எப்படி என்று ஒரு முறைகூடக் கேட்டதில்லை. வாசனையைத்தான் கேட்பார். நாங்கள் சொல்வதை வாயைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். அக்காவுக்குப் புகழ்ச்சி கேட்பதில் ஆசை வந்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

அம்மாவுக்கு மட்டும் மனத்தாங்கல். கடலூர் வரும்போதெல்லாம் அம்மா ஆசையாக வைத்த குழம்பை அக்கா பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார். நல்லா இருக்கு என்றும் சொல்லமாட்டார், நல்லா இல்லை என்றும் சொல்லமாட்டார். "சிதம்பரம் போனதும் என் கொழம்பு எறங்கலியா அவளுக்கு" என்று அம்மா என்னிடம் புலம்புவார். நான் கேட்டால் அக்கா பேச்சை மாற்றிவிடுவார்.

இன்னொன்றையும் எழுத வேண்டும், எழுதக் கூசுகிறது. ஒருநாள் சிதம்பரம் வீட்டுக்குள் கால் வைத்தால் கேஸ் நாற்றம் குப்பென்று அடிக்கிறது. அடுப்புத் திருகு பாதி திறந்து கிடக்கிறது. அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார். நான் ஓடிப்போய் சிலிண்டரை மூடி, ஜன்னலைத் திறந்துவிட்டு, சந்தே கேட்கும்படி கத்தினேன். "மூக்க எங்கக்கா கழட்டி வெச்ச?" என்றேன். அக்கா ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "வடலூர் ரோட்டுல வுட்டுட்டு வந்துட்டேன்டா" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். அடுத்த வாரம் புது அடுப்பு கொண்டுபோய் மாட்டினேன். அதோடு மறந்தும் போனேன்.

வடலூர் ரோடு என்று அவர் சொன்னதற்குக் காரணம் உண்டு. 2006 தைப்பூசத்தன்று ஜோதி தரிசனம் முடித்து என் பைக்கில் அக்காவைப் பின்னால் உட்காரவைத்து சிதம்பரத்துக்கு வந்துகொண்டிருந்தேன். குறுக்கே ஓர் ஆடு வர, பிரேக் பிடித்தேன். வண்டி சறுக்கியதில், ஒருக்களித்து உட்கார்ந்திருந்த அக்கா மல்லாக்க ரோட்டில் விழுந்து, தலையின் பின்புறம் அடிபட்டது. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். ஸ்கேன் எடுத்துப் பார்த்து, பயமில்லை என்று அனுப்பினார்கள். "ஒரு கண்டம் போச்சுடா, வுடு" என்று அக்காதான் எனக்குத் தைரியம் சொன்னார். தையலும் ஆறியது, எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நான் போன மாதம்வரை நினைத்திருந்தேன்.

கடைசி நாட்களில் சிறுநீரகம் கெட்டு, அக்கா வீட்டிலேயே படுக்கையாக இருந்தார். உப்புக்குத் தடை. ஒருநாள் மதியம் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, சோளம் பொரிடா" என்றார். ஆசைப்படுகிறாரே என்று உப்பில்லாமல் போட்டேன். வெடித்து அடங்கும்போது உள்ளறையில் படுத்தபடியே, "போதும், அணைச்சிடு" என்று குரல் கொடுத்தார். தட்டில் கொண்டுபோனால் ஒன்றைக்கூடத் தொடவில்லை. "நீ சாப்புடு" என்றார். தின்னாத பொரியை எதற்குப் பொரிக்கச் சொன்னார் என்று கேட்கவில்லை. உடம்பு வேதனையில் மனம் மாறிவிட்டது என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

இப்போது முதலாம் ஆண்டுப் படையல் வருகிறது. அக்காவுக்குப் பிடித்ததை இலையில் வைக்க வேண்டும். சோளப்பொரி இல்லாமல் முடியாது, ஆனால் எந்தச் சுவை? மேல்பட்டாம்பாக்கம் பெரியம்மா இட்லிப்பொடி என்றார்கள். காடாம்புலியூர் சித்தப்பா, "நான் முந்திரி குடுத்து வுட்டதே அதுக்குத்தானே, வெல்லந்தான்" என்று அடித்துச் சொன்னார். பாப்பா மிளகு என்றாள். எனக்கோ அக்கா என்னோடு மிளகாய்த்தூள் போட்ட பொரி தின்றதுதான் நினைவு. யார் பக்கத்தில் உட்கார்ந்தாரோ அவர் கிண்ணத்தில் தின்றிருக்கிறார். உடன்பிறந்தவருக்கு எது பிடிக்கும் என்றுகூடத் தெரியாத தம்பியா நான் என்று வெட்கமாகப் போயிற்று. போன மாதம் நேரே சிதம்பரம் போய் மாமாவிடம் கேட்டேன்.

மாமா என் கையில் இருந்த படையல் பட்டியலை வாங்கி மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"மச்சான், எதுன்னு அவளுக்கே தெரியாது."

"இன்னா மாமா சொல்றீங்க?"

"வடலூர்லேர்ந்து வரும்போது வுழுந்தா இல்ல, அதோட அவளுக்கு வாசனை போயிடுச்சு. உப்பு, புளிப்பு, இனிப்பு நாக்குல தெரியும். மத்தபடி உங்கம்மா வெக்கிற கொழம்பும் வெறும் உப்புத் தண்ணியும் அவளுக்கு ஒண்ணுதான். பாண்டிச்சேரி வரைக்கும் போய்க் காட்டினோம். நரம்பு அடிபட்டிருக்கு, வந்தாலும் வரும், வராமலும் போவும்னாங்க. வரல."

"ஏன் மாமா எங்கிட்ட சொல்லல?"

"பாப்பா தலையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டா. 'வண்டி ஓட்டினது அவன். தெரிஞ்சா ஆயுசுக்கும் சோறு எறங்காது அவனுக்கு, சொல்லிடாதீங்க'ன்னா. அவ இருந்த அஞ்சு வருஷமும் சொல்லல, போன பிறகும் சொல்லல. நீ இப்ப எது புடிக்கும்னு வந்து நிக்கிற. நான் என்ன பொய் சொல்றது, சொல்லு."

அன்று வண்டியை சிதம்பரத்திலேயே விட்டுவிட்டு பஸ்ஸில் கடலூர் வந்தேன். அம்மாவிடம் சொன்னபோது, "ஒரு வார்த்த கேக்காம மூஞ்ச தூக்கி வெச்சிட்டு இருந்தேனே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். இரண்டு நாள் கழித்து மாமா போனில் திட்டினார். "வண்டிய எடுத்துட்டுப் போ. அவ மறைச்சதுக்கு அர்த்தமில்லாம பண்ணாத" என்றார். போய் எடுத்து வந்தேன்.

ஆனாலும் எனக்குப் பிடிபடவில்லை. வாசனை தெரியாத ஒருவர் ஏன் ஆறு கிண்ணம் வைத்தார்? நாங்கள் சொல்லச் சொல்ல, பழைய வாசனை நினைவுக்கு வந்ததா, இல்லை எங்களை ஏமாற்றவா? அவர் மேல் நன்றி வருகிறது, அதே அளவு கோபமும் வருகிறது. சொல்லியிருந்தால் ஒரு நாளாவது மன்னிப்புக் கேட்டிருப்பேன். அந்த வாய்ப்பைத் தராமல் போய்விட்டார். பாழாய்ப்போன ரிப்பேர்காரன், மெஷினில் சின்னச் சத்தம் மாறினால் கண்டுபிடிப்பேன், அக்காவிடம் ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை.

ஒன்று மட்டும் தெளிவாயிற்று. குழம்பு அடிப்பிடிப்பதை மூக்குதான் முதலில் சொல்லும். சோளப்பொரியைக் காது சொல்லும். பயமில்லாமல் அடுப்பின் முன் நின்று அக்காவால் தானாகச் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். படுக்கையில் கிடந்து பொரிக்கச் சொன்னதும் அதைக் கேட்கத்தான்.

அக்காவின் கடைசி நாட்களில் சிகிச்சைக்கு அழைத்துப்போய் அழைத்துவந்த ஆட்டோக்காரர், முறை வைத்துக் கஞ்சி கொண்டுவந்த சந்து வீட்டுப் பெண்கள், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட நர்சம்மா, புயலில் தோப்பே சாய்ந்த பிறகும் படையலுக்கென்று முந்திரி எடுத்துவைத்திருக்கும் சித்தப்பா, எல்லாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. ஐந்து வருடம் எங்கள் கிண்டலைத் தாங்கிக்கொண்டு சமைத்த மாமாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

வந்திருக்கும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். இலையில் பொரி வைக்கப்போவதில்லை. அக்கா படத்தின் முன்னால் அடுப்பை வைத்து, அதே குக்கரில், வெயிட் போடாமல், அங்கேயே பொரிக்கப்போகிறேன். படையலில் அடுப்பா என்று முதலில் முகம் சுளித்த அம்மாவே இப்போது சோளம் வாங்கி வைத்திருக்கிறார். வெடித்து அடங்கும்வரை எல்லாரும் பேசாமல் இருங்கள். பிறகு கிண்ணங்கள் இருக்கும், அவரவர் விருப்பப்படி போட்டுக்கொள்ளலாம்.

அக்கா அளவுக்கு எனக்குக் காது பழகவில்லை. அணைக்கத் தாமதமாகலாம். தீய்ந்த வாசனை வந்தால், யாருக்கு முதலில் தெரிகிறதோ அவர் தயவுசெய்து உடனே சொல்லிவிடுங்கள். நான் வருத்தப்படுவேனே என்று மறைத்துவிடாதீர்கள்.