கால் காட்டாத தீபாவளி

என் மகள் வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் மிஸியாக இருக்கிறாள், நர்ஸ் வேலை. நாங்கள் லண்டன் என்போம். "லண்டன் இல்லம்மா, அங்கிருந்து இன்னும் ரயில்ல போவணும்" என்று அவள் ஒவ்வொரு தடவையும் திருத்துவாள். எனக்கு அது லண்டன்தான். ஈப்போ புந்தோங்கில் எங்கள் வரிசை வீட்டில் வேறு யார் பிள்ளை அவ்வளவு தூரம் போயிருக்கிறது? ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவின கையால் வளர்த்த பிள்ளை வெள்ளைக்காரனுக்கு ஊசி போடுகிறது. மீன் வாங்கப் போன இடத்தில்கூட இதைச் சொல்லியிருக்கிறேன். மீன்காரன் கேட்கவில்லை, நானேதான் சொன்னேன்.

அவள் வருவது தீபாவளிக்குத்தான், அதுவும் எல்லா வருஷமும் இல்லை. வந்தால் எங்கள் வீடு கிளினிக் ஆகிவிடும். சாப்பிட்டுக் கை கழுவினதும் ஆளாளுக்குப் பையைத் திறப்பார்கள். என் தம்பி பீடோரிலிருந்து கொய்யாப்பழத்தோடு எக்ஸ்ரே படத்தையும் கொண்டு வருவான். தம்பி பெண்டாட்டி முட்டியை நீட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்துவிடுவாள். பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் ஆரஞ்சுப் பழம் கொடுக்க வந்தவர், சட்டைப் பையிலிருந்து மாத்திரையை எடுத்து, மிஸி, இது சோற்றுக்கு முன்னாலா பின்னாலா என்று மலாயில் கேட்பார். என் மகளும் புதுச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்து ஒவ்வொருத்தரையும் பார்ப்பாள். ஆட்டுக்கறி வாசனை விரலில் இருக்கும்போதே அடுத்தவர் முட்டியைப் பிடிப்பாள்.

"லீவுல வந்த புள்ளைய ரெஸ்ட் எடுக்க விடுங்கலா" என்று நான் சொல்வேன். சொல்லிக்கொண்டே இன்னொருத்தருக்கு நாற்காலி இழுத்துப் போடுவேன். பெருமைதான், வேறென்ன.

இந்தத் தடவை அந்த நாற்காலியே எனக்கு எமனாகிவிட்டது.

எனக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி இருக்கிறது. தீபாவளிக்குக் கொஞ்ச நாள் முன்னால் புதுச் செருப்பு வலது கால் சுண்டு விரலைக் கடித்துவிட்டது. கடித்தது எனக்குத் தெரியவில்லை. தரையில் ஈரத் தடம் இருக்கிறதே, எங்கே ஒழுகுது என்று துடைக்கப் போனேன். பார்த்தால் அது என் காலிலிருந்து வந்த தடம். அரசாங்கக் கிளினிக்கில் மருந்து வைத்துக் கட்டிவிட்டு, தினம் வந்து கட்டு மாற்றணும் என்றார்கள். முறுக்குச் சுடுகிற நேரத்தில் தினம் யார் போவது? மஞ்சளையும் தேங்காயெண்ணெயையும் குழைத்துப் பூசி, பழைய கைலியைக் கிழித்துக் கட்டிக்கொண்டேன். மகள் வந்து இறங்கின அன்று விரல் கறுத்திருந்தது. வாடையும் வந்தது.

பெற்ற பிள்ளை மிஸி, அவளிடம் காட்டுவதற்கு என்ன என்று கேட்பீர்கள். இதற்கு முன்னால் அவள் வந்திருந்தபோது எனக்கு டிங்கி காய்ச்சல். லீவு முடிந்தும் அவள் போகவில்லை. என் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்துக் கிடந்தாள். அங்கே அவளுக்கு வார்டையே பார்த்துக்கொள்ளும் பெரிய மிஸி வேலை வருவதாக இருந்தது. நேரத்துக்கு அவள் திரும்பிப் போகவில்லை, வேலை அவளுக்குப் பின்னால் சேர்ந்த ஒருத்திக்குப் போய்விட்டது. என்னிடம் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஃபோனில் கூட்டாளியிடம் சிரித்துக்கொண்டே சொன்னது என் காதில் விழுந்தது. அந்தச் சிரிப்பு எனக்கு நெஞ்சில் நின்றுவிட்டது. அதே வேலை இப்போது மறுபடி வருகிறது என்று இந்தத் தடவை வந்த அன்றே சொன்னாள். அப்போதே முடிவு செய்துவிட்டேன், அவள் விமானம் ஏறும்வரைக்கும் இந்தக் காலை யாரும் பார்க்கக் கூடாது.

மறைக்கிறது எனக்குப் புதுசும் இல்லை. தோட்டத்தில் இருந்த காலத்தில் விடியற்காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் கணக்கெடுக்க எல்லாரும் வரிசையாக நிற்போமே, அங்கே காய்ச்சலோடு நின்றிருக்கிறேன். மருந்து கொடுக்கிற டிரசர் கண்ணில் பட்டால் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டுவிடுவார். கம்பி வலை அடித்த வார்டு. நாம் உள்ளே படுத்திருப்போம், பிள்ளை வெளியே வலையைப் பிடித்துக்கொண்டு அழும். ஒரு தடவை அப்படிப் படுத்து எழுந்தேன். அதற்குப் பிறகு உடம்புக்கு என்ன வந்தாலும் வாயை மூடிக்கொண்டு மரத்துக்குப் போய்விடுவேன். அன்றைக்கு வலையைப் பிடித்துக்கொண்டு அழுத பிள்ளைதான் இன்றைக்கு மிஸி.

சொந்த வீட்டில் திருடி மாதிரி நடமாடினேன். எங்கள் வீடு சின்னது. ஹாலைத் தாண்டாமல் எங்கேயும் போக முடியாது. மகள் ஹாலில் உட்கார்ந்திருந்தால் நான் அறைக்குள்ளேயே இருப்பேன். அவள் அறைக்கு வந்தால் போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொள்வேன். இந்த வெயிலில் போர்வையா என்றாள். ஃபேன் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். வாடைக்குக் காலையும் மாலையும் சாம்பிராணி போட்டேன். சுவாமிப் படம் எல்லாம் புகைக்குள்ளே மறைந்துபோச்சு.

தீபாவளி காலையில் அவள் தலைக்கு எண்ணெய் வைத்தேன். குளித்து, புதுசு கட்டிக்கொண்டு வந்து காலில் விழுவாள் என்று தெரியும். அதனால் சேலையைத் தரையில் புரளும்படி கட்டியிருந்தேன். அவள் கை கொசுவத்தில்தான் பட்டது. எழுந்தவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னம்மா, கல்யாணப் பொண்ணு மாதிரி சேல தரையில இழுக்குது?"

"வயசானா ஆளு குறுகுது, சேல நீளுது. நீ போய் இட்லி சாப்புடு பாப்பா."

சிரித்தாள். பிழைத்தேன் என்று நினைத்தேன்.

மத்தியானம் தம்பி குடும்பம் வந்தது, சீனக் கிழவரும் வந்தார், வழக்கம்போல கடை விரிந்தது. தம்பிக்கும் இனிப்பு நீர். மகள் அவன் காலை மடியில் தூக்கி வைத்து, ஃபோன் விளக்கை அடித்து, விரல் இடுக்கு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பார்த்து முடித்துவிட்டு ஹாலில் இருந்தவர்களைச் சுற்றிப் பார்த்தாள். இனிப்பு நீர் உள்ளவர்கள் எல்லாரும் காலைக் காட்டிவிட்டுத்தான் பலகாரம் எடுக்கணும் என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணிக்கும் இருக்கே, முதலில் அண்ணியைக் கூப்பிடு என்றாள் தம்பி பெண்டாட்டி, என்னைத்தான். அடுப்பில் தண்ணீர் கொதிக்கிறது என்று சொல்லிவிட்டு நான் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

அடுப்பில் ஒன்றும் இல்லை. பின்கதவு கிரில் பூட்டியிருந்தது, சாவி ஹாலில் ஆணியில் தொங்கியது. முன்னால் போனால் மகள், பின்னால் போனால் பூட்டு. பாத்திரம் கழுவுகிற சிங்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஹாலில் அவள் சத்தம் கேட்டது. கிழவரின் மாத்திரைக்கு வந்துவிட்டாள். உள்ளே வந்துவிடுவாளோ என்று பயமாக இருந்தது. வந்து, என்னம்மா இது என்று ஒரு அதட்டு அதட்டிக் காலைப் பிடித்து இழுத்துவிட மாட்டாளா என்றும் இருந்தது. அவள் வரவில்லை.

தம்பி பெண்டாட்டிதான் வந்தாள். வெறும் அடுப்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே எனக்கும் அவளுக்கும் ஆகாது. அவள் வைக்கிற குழம்பை நான் குறை சொல்வேன், நான் பேசுகிற பேச்சை அவள் குறை சொல்வாள். அன்றைக்கு அவளே கேத்தலில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தாள்.

"வீடு கோயில் மாதிரி மணக்குது அண்ணி" என்றாள். சிரிக்கவில்லை.

மகள் கிளம்புகிற நாள் வந்தது. தம்பி வேனை வாசலில் நிறுத்தியிருந்தான், கோலாலம்பூர் விமான நிலையத்தில் கொண்டுபோய் விடணும். பெட்டியை ஏற்றியாச்சு. என் மகள் எத்தனை நாடு போனாலும் கிளம்பும்போது வாசலில் காலில் விழாமல் போக மாட்டாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் பார்ப்பார்கள், எனக்கும் அது பிடிக்கும். அன்றைக்கு மட்டும் பிடிக்கவில்லை. வேண்டாம் பாப்பா, நேரமாச்சு என்றேன். அவள் கேட்கவில்லை. சிமெண்டுத் தரையில் முட்டி போட்டுக் குனிந்தாள்.

குனிந்தவள் சட்டென்று எழவில்லை. கொசுவத்துக்குக் கீழே அவள் விரல் கட்டுக்குமேல் வந்து நின்றது எனக்குத் தெரிந்தது. அழுத்தவில்லை. தூக்கிப் பார்க்கவும் இல்லை. அப்படியே வைத்திருந்தாள். தம்பி ஹாரனை ஒரு தட்டுத் தட்டினான்.

எழுந்து என் முகத்தைப் பார்த்தாள். கிழவரின் மாத்திரையைப் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"வேற எதுவும் சொல்லணுமாம்மா?"

சுற்றிலும் ஆட்கள். கேட்டவர்களுக்கு அது வழியனுப்பும்போது கேட்கிற பேச்சுதான். வலிக்குது பாப்பா என்று சொன்னால் போதும். உண்மையில் வலிக்கக்கூட இல்லை, அதுதான் பயமே.

"சொல்ல என்ன இருக்கு. போயி வேலைய பாரு" என்றேன்.

"சரிம்மா. போயிட்டு வாரேன்."

"போயிட்டு வா."

வேன் முனையில் திரும்பும்வரைக்கும் கையை ஆட்டினேன். ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. திரும்பினால் தம்பி பெண்டாட்டி என் வாசலுக்குள் நிற்கிறாள், காலுக்குப் பக்கத்தில் அவள் துணிப்பை.

"நீ போகலையா?"

"எங்க போறது? நாளைக்குக் காலைல கிளினிக் போவணும்ல நாம" என்றாள். "உக்காந்து கால தூக்குங்க அண்ணி. மத்தத அப்புறம் பேசிக்கலாம்."

கட்டை அவிழ்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். மகளுக்கு வந்த அன்றே தெரிந்துவிட்டதாம். அவள் வார்டில் அந்த வாடை தினம் வருகிற வாடைதானாம், எத்தனை சாம்பிராணி போட்டாலும் அவள் மூக்கை ஏமாற்ற முடியாதாம். தீபாவளி அன்றைக்கு நான் அடுப்படியில் நின்றபோதே இவளைப் பார்த்து வரச் சொல்லி அனுப்பினது மகள்தான். மருந்து, பஞ்சு, கட்டுத்துணி எல்லாம் வாங்கி என் அலமாரியில் சேலைக்கு அடியில் வைத்திருந்தாள். கிளினிக்குக்கும் ஃபோன் போட்டுச் சொல்லிவிட்டாள். தம்பிக்குத் தெரியும். எனக்குத்தான் எதுவும் தெரியாமல் போச்சு.

"தெரிஞ்சுமா போனா?" என்றேன். என் குரல் எனக்கே நன்றாக இல்லை.

அவள் பழைய துணியைச் சுருட்டிப் பையில் போட்டாள். "அம்மா வாயத் திறந்து சொன்னா நிக்கிறேன் அத்த, சொல்லலன்னா போறேன்னா. வாசல்ல கேட்டாள்ல? அவளுக்கும் அந்த வேல வேணும் அண்ணி. நீங்க மட்டுமா ஆசப்பட்டீங்க?"

மகளுக்காக நான் விட்டுக்கொடுக்கிறேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவளோ தெரிந்தே எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். போகட்டும் என்று நினைத்ததும் நான்தான். போனாளே என்று இருந்ததும் எனக்குத்தான். இதில் யாரிடம் போய்ச் சண்டை பிடிப்பது?

கிளினிக்கில் பார்த்ததும் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். சுண்டு விரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. மகளுக்குச் சொன்னார்கள். அவள் வரவில்லை, வர முடியாது, இருந்த லீவு முழுக்கத் தீர்ந்துபோச்சு. வரக்கூடாது என்றுதானே நான் அத்தனை பாடுபட்டேன். கேட்டது கிடைத்தது. அந்தப் பெரிய மிஸி வேலையும் அவளுக்கே கிடைத்தது. மீன்காரனிடம் போய்ச் சொல்லணும் என்று ஆசை. தம்பி பெண்டாட்டி விடமாட்டாள். ஒரு நாள் அவளுக்குத் தெரியாமல் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைவரை போய்விட்டேன். அன்றிலிருந்து முன்கதவு கிரில்லையும் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறாள். தம்பி அங்கே பீடோரில் தானே சமைத்துச் சாப்பிடுகிறான். வாரக் கடைசியில் வந்து வாசலில் நின்றால், இவள் போய்த் திறந்தால்தான் அவனுக்கும் வழி.

பெரிய மிஸி ஆனால் லீவு கிடைப்பது இன்னும் கஷ்டமாம். அடுத்த தீபாவளி பார்க்கலாம்மா என்கிறாள். நானும் பார்க்கலாம் என்கிறேன்.

சாயங்காலம் ஃபோன் வரும். இங்கே சாயங்காலம், அங்கே காலையில் அவள் டீ குடிக்கிற நேரம். முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காலைத்தான் பார்ப்பாள். நான் முக்காலியில் காலைத் தூக்கி வைக்கணும், தம்பி பெண்டாட்டி ஃபோனைக் கிட்டே கொண்டுபோய்ப் பிடிப்பாள். ஒரு நாள் உற்றுக் கேட்டால் மெல்லுகிற சத்தம். ரொட்டி தின்றுகொண்டே என் புண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"சாப்புடும்போது இத ஏன் பாக்குற பாப்பா?"

"வேலையே அதுதானம்மா. கொஞ்சம் திருப்பு. இன்னும் கொஞ்சம். ம், ஆறுது."

அன்றைக்கு வாசலில் கேட்டதை அவள் மறுபடி கேட்டதில்லை. நானும் எடுத்ததில்லை. பின்னால் யாரோ அவளைக் கூப்பிடுகிறார்கள், அவர்கள் பேச்சு எனக்குப் புரியாது. வாரேம்மா என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாள். ஃபோன் கறுத்துப் போகிறது. கால் இன்னும் முக்காலிமேல்தான் இருக்கிறது. தம்பி பெண்டாட்டி அடுப்படியில் குழம்பைக் கிளறிக்கொண்டிருக்கிறாள், அதில் உப்பு கூடத்தான் இருக்கும். காலை இறக்கட்டுமா என்று அவளைத்தான் கேட்கணும்.