கிட்டார் மேல இருந்த கை

காத்து, கருப்புன்னு யாராவது பேச ஆரம்பிச்சா எழுந்து போய் வேலையைப் பாக்கறவ நான். எங்க பிள்ளையார்பாளையத்துல மத்தியானம் தறி நிக்கிற நேரத்துல நாலு பொம்பளைங்க கூடினா இந்தப் பேச்சுதான், அந்தப் புளிய மரத்துல அது இருக்குது, இந்தக் கிணத்துல இது இருக்குதுன்னு. நான் நம்பினதில்ல. இப்பவும் புளிய மரத்தையெல்லாம் நம்பறேன்னு சொல்லல. எனக்கு நடந்ததை மட்டும் சொல்றேன், நீங்க என்ன நெனச்சுக்கினாலும் சரி.

நான் மூணாங்கிளாஸ் வரைக்கும் படிச்சவ. ஆனா என் கை அப்படி ஒரு கை. பட்டு நூலைத் தார்க்குழல்ல சுத்தறதுக்கு எங்க தெருவுல என்னை மாதிரி ஆள் கிடையாது, இதை நானா சொல்லல, நெசவுக்காரங்களே அவங்க அவங்க பொண்டாட்டிகிட்ட சொல்லிக் காட்டுவாங்க. எங்க வூட்டுக்காரரு ரேடியோ ரிப்பேர் பண்றவரு. வீட்டுக்கு முன்பக்கம் அவர் கடை, பின்பக்கம் என் ராட்டினம்.

எழுபதுகள்ல, என் ரெண்டாவது பொண்ணு பொறந்த மறு வருசம், ஐயம்பேட்டையிலேர்ந்து செல்வம்னு ஒரு ஆளு சைக்கிள்ல ஒரு கிட்டாரைக் கட்டிக்கினு வந்தாரு. வேதக்காரங்க, சர்ச்சுக்குப் போறவங்க. அவரோட அண்ணன் அருளு கல்யாணத்துக்கெல்லாம் பாடற ஒரு கோஷ்டியில கிட்டார் வாசிச்சவரு, மஞ்சக்காமாலை வந்து செத்துப்போனாரு. மூணு மழைக்காலம் அந்தக் கிட்டாரு பரண்மேல கிடந்து ஊறிப்போச்சு. தம்பிக்காரன் அதை எடுத்து ஆசாரிகிட்ட கொடுத்து ஒட்டி, பாலிஷ் போட்டு, புதுக் கம்பி மாட்டி வச்சுக்கினாரு, பாத்தா கல்யாண மாப்பிள்ளை மாதிரி மின்னுது, சத்தம் மட்டும் இல்ல. கோஷ்டிக்காரரு, ஞாயித்துக்கிழமை காலையில வந்து வாசிச்சுக் காட்டு, நல்லா இருந்தா உங்க அண்ணன் இடம் உனக்கு, இல்லன்னா வேலூர்ல ஒருத்தன் காத்துக்கினு இருக்கறான்னு சொல்லிட்டாராம். செல்வம் அப்ப செங்கல் சூளையில மண்ணு மிதிச்சுக்கினு இருந்தாரு. அதைவிட்டு வெளிய வர அவருக்கு இருந்த ஒரே வழி இதுதான்.

அது கரண்ட்டுல பாடற கிட்டாரு. வயித்துல பொந்து கிடையாது, வெறும் கட்டை. கம்பிக்குக் கீழ காந்தம் வச்சு, அதைச் சுத்தி தலைமுடியைவிட மெல்லிசா செம்புக் கம்பி ஆயிரக்கணக்குல சுத்தியிருக்கும், அதுதான் சத்தத்தை எடுத்துக் கொடுக்குதாம். அந்தச் செம்பு பச்சை பூத்து அங்கங்க அறுந்து கிடந்துச்சு. எங்க வூட்டுக்காரரு அதைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. சரிகை சுத்தற கைக்கு இது என்ன பெரிய வேலைன்னு ராட்டினத்துல போட்டு ரெண்டு நாள்ல சுத்திக் கொடுத்தேன்.

மாட்டி ரேடியோவுல சொருகினா ஒரு முணுக்குக்கூட வரல. சுத்தும்போது நடுவுல அந்தச் செம்புக் கம்பி ஒரு எடத்துல அறுந்துச்சு, நான் பட்டுக்குப் பண்ற மாதிரியே எச்சில் தொட்டு முறுக்கிப் பிணைச்சு விட்டிருந்தேன். கம்பி மேல மெழுகாட்டம் ஒரு பூச்சு இருக்குது, அதைச் சுரண்டாம பிணைச்சா கரண்டு போகாதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? "பொடவையாடி நெய்யற?"ன்னு எங்க வூட்டுக்காரரு கேட்டாரு. மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கினு மொத்தத்தையும் பிரிச்சு, சுரண்டி, அவரை ஈயம் வச்சுப் பத்த வைக்கச் சொல்லி, திரும்பவும் சுத்தினேன். இந்தத் தடவை சத்தம் வந்துச்சு. ஆனா கம்பளியைப் போத்திக்கினு பாடற மாதிரி மந்தமா, பொத்தினாப்பல.

சனிக்கிழமை காலையிலேர்ந்து எங்க வூட்டுக்காரரு அதோட மல்லுக்கட்டினாரு. ஒயரை மாத்தினாரு, சத்தம் கூட்டிக் கொறைக்கத் திருகற குமிழைக் கழட்டித் தொடைச்சாரு, காந்தத்துல ஆணியை ஒட்ட வச்சுப் பாத்தாரு, வேற ரேடியோ பொட்டியில சொருகிப் பாத்தாரு. எல்லாம் நல்லாத்தான் இருக்குது, சத்தம் மட்டும் அப்படியே இருக்குது. கடைசியில என் சுத்துலதான் கோளாறுன்னு ஒரு பார்வை பாத்தாரு. எனக்கு உள்ளுக்குள்ள பத்திக்கினு வந்துச்சு. செல்வம் முக்காலியில உக்காந்து தரையைப் பாத்துக்கினு இருந்தாரு.

மத்தியானம் மூணு மணி இருக்கும், கரண்டு போச்சு. வழக்கமா போறதுதான். ரேடியோ இரைச்சல் நின்னு கடை அமைதியா ஆயிடுச்சு. என் கை தப்பு பண்ணலைன்னு நானே பாக்கணும்னு மடியில வாங்கி ஒரு கம்பியைச் சுண்டினேன். டொக்குன்னு நின்னு போச்சு. கரண்டே இல்லாதப்ப என் சுத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? புதுக் கம்பி, நல்லா இழுத்துக் கட்டியிருக்குது, ரெண்டு நொடியாவது அதிர வேணாமா? இதை யாருமே பாக்கல.

இங்க ஒண்ணு சொல்லணும். தறியில நீளவாக்குல ஓடற பாவு நூலைத் தெருவுல நீட்டும்போது இந்த முனையை ஒருத்தர், அந்த முனையை ஒருத்தர் புடிச்சுக்கினு நிப்போம். நடுவுல நாலஞ்சு வீடு தூரம் இருக்கும். ஆனா நூல்ல விரலை வச்சா அந்தப் பக்கம் யாரு நிக்கறாங்க, தூங்கி வழியறாங்களா, கோவமா இருக்கறாங்களா, எல்லாம் தெரியும். சின்ன வயசுலேர்ந்து பழகின விரலு.

அந்த விரலைக் கிட்டார் கம்பியில வச்சேன். சத்தியமா சொல்றேன், அந்தப் பக்கம் ஒரு கை இருந்துச்சு. இழுக்கல. உள்ளங்கையை அப்படியே எல்லாக் கம்பி மேலயும் படிய வச்சுக்கினு இருந்துச்சு. கம்பி அந்த எடத்துல மட்டும் வெதுவெதுன்னு இருந்துச்சு.

பயம் அப்புறம்தான் வந்துச்சு, மொதல்ல வாய் முந்திக்குச்சு. "யாருபா அது, கையை வச்சு அமுக்கிக்கினு?"

செல்வம் தலையைத் தூக்கினாரு. "அக்கா, நான் தப்பா வாசிச்சா எங்க அண்ணன் திட்ட மாட்டாரு. பேசாம வந்து கம்பி மேல கையை வச்சுடுவாரு." எங்க வூட்டுக்காரரு ஸ்குரூ டிரைவரைக் கீழ வச்சுட்டு எழுந்து நின்னாரு.

பாவு புடிக்கிறதுல ஒரு முறை இருக்குது. ஒருத்தர் கையிலேர்ந்து இன்னொருத்தர் வாங்கும்போது, வாங்கறவங்க வாய்விட்டுச் சொல்லணும். சொல்லாம விட்டா மொத்தப் பாவும் சிக்கிப் போயிடும், அதனால சொல்ற வரைக்கும் புடிச்சவங்க உசுரே போனாலும் விட மாட்டாங்க. எனக்கு வேற எதுவும் தோணல. வாயில அதுதான் வந்துச்சு.

"விடுபா. நான் புடிச்சுக்கினேன்."

விட்டுச்சு. எதிர்முனைக்காரர் விடும்போது பளு நம்ம கைக்கு வருமே, அதே மாதிரி என் வலது தோள்பட்டை வரைக்கும் ஒரு இழுப்பு வந்துச்சு. மடியில கிட்டாரு தானா அதிர ஆரம்பிச்சுது, யாரும் சுண்டல, ஆறு கம்பியும். கரண்டு வந்தப்புறம் செல்வம் வாசிச்சதைக் கேட்டு எதிர்வீட்டுல தறியை நிறுத்திட்டு வந்து பாத்தாங்க. அவ்வளவு கணீர்னு. ஒரு ஒயரைக்கூட நாங்க மாத்தல.

ஞாயித்துக்கிழமை அண்ணன் இடம் அவருக்குக் கிடைச்சுது. அதுக்கப்புறம் சூளைப் பக்கம் போகவேயில்ல.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் கோயிலுக்குப் போனேன். மணியை அடிச்சேன். டொக்குன்னு நின்னுச்சு. பின்னால வந்த பொம்பளை அடிச்சா கணகணன்னு அடிக்குது. திரும்பப் போய் இடது கையால அடிச்சுப் பாத்தேன், நல்லாத்தான் அடிச்சுது. வலது கையால அடிச்சா டொக்கு. வீட்டுக்கு வந்து பித்தளைத் தாம்பாளத்தைத் தட்டினேன், குடத்தைத் தட்டினேன். எல்லாம் அப்படித்தான்.

இத்தனை வருசமாச்சு. சாமி முன்னால இடது கையால மணி அடிக்கிறாளேன்னு எல்லாரும் மூஞ்சியைச் சுளிக்கிறாங்க, சுளிச்சுட்டுப் போகட்டும், நான் யாருக்கும் பதில் சொல்றதில்ல. புடிச்சுக்கினேன்னு சொன்னேனே, எதைப் புடிச்சுக்கினேன்னு எனக்கே தெரியல, வாங்கிக்கறேன்னு சொல்லவும் இதுவரைக்கும் யாரும் வரல. பேரப் புள்ளைங்க நாலு பேரைத் தூக்கி வளத்தேன். ஒண்ணைக்கூட துடிக்கிற நெஞ்சு மேல வலது கையை வச்சுத் தூங்க வச்சதில்ல.