போன கிழமைப் பேப்பர்

எண்பத்தேழாம் ஆண்டுக் குளிர்காலத்தில், வேலை விளம்பரம் தேடி கனடாவின் ஸ்காபரோ நூலகத்துக்குப் போகும்போதெல்லாம் அங்கே ஒரு தமிழரைக் காண்பேன். குளிர்கோட்டைக் கழற்றவே மாட்டார். லண்டன் பேப்பரில் பாராளுமன்றப் பக்கத்தை மட்டும் விரித்து, விரல் வைத்து வரிவரியாக வாசிப்பார். அவர் கால் ஆடும் ஆட்டத்தில் மேசையே அதிரும். எனக்கு எரிச்சல் வரும்.

ஒருநாள் கேட்டே விட்டேன். "அண்ணை, உதில அப்பிடி என்ன இருக்கு?"

"லண்டன் எயார்போட்டில என்ர தம்பியை மறிச்சு வைச்சிருக்கிறாங்கள். விசா இல்லாமல் வந்த தமிழரைத் திருப்பி அனுப்புறதோ எண்டு பாராளுமன்றத்தில வாக்குவாதம். எம்.பி. ஒருத்தர் எங்களுக்காக நல்லாக் கதைக்கிறார்."

திகதியைப் பார்த்தேன். "உது போன கிழமைப் பேப்பர் அண்ணை. முடிவு எப்பவோ தெரிஞ்சிருக்கும். லண்டனுக்கு ரெலிபோன் எடுத்துக் கேக்கலாமே."

கால் நின்றது.

"ஓம் தங்கச்சி, நம்பரும் பொக்கற்றுக்குள்ளதான் கிடக்கு," என்றார். "ஆனா இதில இன்னும் கதைச்சுக்கொண்டுதானே இருக்கினம்."

அந்த நம்பருக்கு அவர் எப்போது எடுத்தார், எடுத்தாரா என்பதே எனக்குத் தெரியாது. அன்றைக்குக் கால் மறுபடி ஆடத் தொடங்கியபோது, நான் மேசையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.