கேட்டுக்கொண்டிருந்த ஜவ்பர் சேர்

தம்பிலுவில் தபாலகத்தில் ஒரு பதிவுத் தபாலுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். கல்முனையிலிருந்து பழைய சக ஊழியர் ஒருவர் அழைத்தார். "ஜவ்பர் சேர் மௌத்தாகிட்டார். அஸர் தொழுகைக்குப் புறகு அடக்கமாம்." வரிசையில் ஐந்தாறு பேர் நின்றார்கள். அவர்களை அனுப்பிவிட்டு பஸ் பிடித்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டிலிருந்து ஜனாஸாவைத் தூக்கிவிட்டார்கள். கூட்டத்தின் பின்னால், அடக்கம் செய்யும் மைய்யவாடிவரை நடந்தேன்.

கல்முனைத் தபாலகத்தில் அவர் எங்கள் தபாலதிபராக இருந்தார். அவரின் கீழ் வேலை செய்த உங்களுக்குக் கண்டிப்பான ஜவ்பர் சேரைத் தெரியும். எனக்கு இன்னொருவரைத் தெரியும். அவரைப் பற்றி எழுத வேண்டும்.

என் மனைவி இறந்தபோது மகள் ஆரணிக்கு ஒன்பது வயது. வயலின் பழகிக்கொண்டிருந்தாள். மாலையில் பக்கத்தில் இருந்து பயிற்சி செய்விப்பது தாயின் வேலை. பிறகு அது என்னிடம் வந்தது. சங்கீதம் எனக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் மணிக்கூடுதான். ஒரு மணித்தியாலம் வாசிக்க வேண்டும், பிழை வந்தால் முதலிலிருந்து. இரண்டு மாதத்தில் பிள்ளைக்கு ஐந்து மணியானால் வயிற்றுவலி வரத் தொடங்கியது. ஒரு நாள் வயலின் வில்லைக் காணவில்லை. தேடிப் பார்த்தால் அரிசி வாளிக்குள் கிடந்தது. அன்று அவளை அடித்துவிட்டேன்.

மறுநாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு சேர் என்னவென்று கேட்டார். சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை கல்முனைக்குடியிலிருந்து சைக்கிளில் காரைதீவுக்கு வந்துவிட்டார், கையில் ஒரு பார்சல் மஸ்கட் இனிப்போடு. கதிரையில் அமர்ந்து ஆரணியிடம் சொன்னார்: "மகள், எனக்கு இதுல ஒண்டும் தெரியா. இண்டைக்கு எந்த இடம் கஷ்டமா இரிக்கி? அத மட்டும் வாசிச்சுக் காட்டுங்க."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு ஜண்டை வரிசையில் இரண்டு வரியை மட்டும் வாசித்தாள். விரல் தடுக்கியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவளாகவே மெதுவாக்கி மறுபடி வாசித்தாள். ஆறாம் தரமோ ஏழாம் தரமோ சரியாக வந்தது. "இன்னொருக்கா வாசிக்கட்டா?" என்று கேட்டாள். "வேணாம், நாளைக்கு வாசிங்க" என்றார். கால் மணித்தியாலம்கூட ஆகியிருக்காது.

வாசலில் வைத்து என்னிடம் சொன்னார்: "தம்பி, முதல்ல இருந்து வாசி எண்டு சொல்லாதீங்க. முதல் பகுதி அவக்குத் தெரியும். தெரிஞ்சதையே வாசிச்சுக் களைச்சுப் போய்த்தான் தெரியாத இடத்துக்கு வாறா. விருப்பம் இரிக்கக்குள்ளயே நிப்பாட்டிடணும். வயலினயும் அலுமாரிக்குள்ள பூட்டாதீங்க, கண்ணுல படுற இடத்துல வைங்க."

"இதெல்லாம் எப்படித் தெரியும் சேர்?" என்று கேட்டேன். அவர் சைக்கிளில் ஏறிவிட்டார்.

பதில் சில மாதங்கள் கழித்துத் தேநீர் நேரத்தில் வந்தது. அவருடைய மகன் பாடசாலை பேண்ட் வாத்தியக் குழுவில் ட்ரம்பெட் ஊதியவர். வீட்டில் பழகும்போது இவர் கிணற்றடியில் குளித்துக்கொண்டே சத்தம் போடுவாராம்: "பிழை! திரும்ப முதல்ல இருந்து ஊது!" ஒரு நாள் பையன் ட்ரம்பெட்டைப் பாடசாலையில் திருப்பிக் கொடுத்துவிட்டார். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. "வீட்டுல சத்தம் இல்ல எண்டது எனக்கு மூணு கிழமைக்குப் புறகுதான் விளங்கிச்சு தம்பி. புறகும் நான் ஒண்டும் கேக்கல்ல." மகன் அப்போது கட்டாரில் இருந்தார். வெள்ளிக்கிழமைகளில் தொலைபேசி எடுப்பார், சுகம் விசாரிப்பார், வைத்துவிடுவார்.

ஓய்வுபெற்ற பின் அவருக்குச் சிறுநீரகம் பழுதானது. மனைவி முன்பே மௌத்தாகியிருந்தார். தனியாகவே இருந்தார். அதுவரை ஞாயிறுதோறும் எங்கள் வீட்டுக்கு வந்து கேட்டவர், சைக்கிள் ஓட்ட முடியாமற்போனதும் மாலையில் எங்களுக்குத் தொலைபேசி எடுப்பார். ஆரணி அதை மேசையில் வைத்துவிட்டு வாசிப்பாள். அவர் சரி பிழை எதுவும் சொல்வதில்லை. முடிந்ததும் "ஓம் மகள், கேட்டன்" என்று மட்டும் சொல்வார். சில நாட்களில் அவரது இருமல்தான் அவர் இருக்கிறார் என்பதைத் தெரிவிக்கும். நான் குசினி வாசலில் நின்று இருவரையும் கேட்டுக்கொண்டிருப்பேன். எங்கள் வீட்டில் எனக்கும் வேறு சத்தம் இருக்கவில்லை.

அடக்கம் முடிந்து இரண்டு நாளில் மகன் வந்துசேர்ந்தார். பார்க்கப் போனேன். நாற்பதை நெருங்கும் மனிதர். தகப்பனின் அதே நெற்றி. தகப்பனின் தொலைபேசியைக் கையில் வைத்திருந்தார்.

"வாப்பாட போன்ல ஒவ்வொரு நாளும் உங்கட நம்பர்தான் இரிக்கி. முக்கா மணித்தியாலம், அரை மணித்தியாலம். என்னோட அவர் அஞ்சு நிமிசம் கதைக்க மாட்டார். உங்களோட என்ன கதைச்சார்?"

"நாங்க கதைக்கிறதில்ல. என்ட மகள் வயலின் வாசிப்பா. சேர் கேட்டுக்கொண்டு இருப்பார்."

அவர் தொலைபேசியில் அந்த அழைப்புகளின் பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லியிருக்கக் கூடாதோ என்று நினைத்தேன். என் பிள்ளைக்குக் கிடைத்தது அவருக்குக் கிடைக்க வேண்டியது. பிறகு மெதுவாகச் சொன்னார்: "நானும் ட்ரம்பெட் ஊதினன். அவருக்கு அந்தச் சத்தமே பிடிக்கல்ல எண்டு நினைச்சித்தான் விட்டன். விட்டதுகூட அவருக்குத் தெரியாது."

"தெரியும்" என்றேன். தேநீர் நேரத்தில் சேர் சொன்னதை ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன்.

"மூணு கிழமையா?" என்று கேட்டார். எழுந்து உள்ளே போய்விட்டார். அவர் திரும்பி வரும்வரை காத்திருக்காமல் புறப்பட்டேன்.

ஆரணிக்கு இப்போது பதினாலு வயது. வயலினில் அடுத்த தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிறாள். இன்னும் சில வருடங்களில் அவளும் படிக்க எங்கேயாவது போய்விடுவாள். அதுவரை மாலையில் அவளுக்குப் பக்கத்தில் அமர்கிறேன். ஐந்து வருடமாகியும் எனக்கு ராகம் பிடிபடவில்லை. பிழை மட்டும் கேட்கிறது. அது கேட்கும்போது வாயைத் திறக்காமல் இருக்கப் பழகியிருக்கிறேன். அவளாகவே நிறுத்தி, அவளாகவே அந்த இடத்துக்குத் திரும்பும்வரை பொறுத்திருக்கிறேன். ஜவ்பர் சேரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தப் பொறுமை ஒன்றைத்தான்.