அவனுக்காக ஓடிய நாற்பத்திரண்டு கிலோமீட்டர்

ஓசூரில் ஒரே கம்பெனியில், ஒரே லைனில், பதினான்கு வருஷம் பக்கத்துப் பக்கத்து மெஷினில் நின்றவர்கள் நாங்கள். வண்டிகளின் கியர் பெட்டிக்குள் போகும் பல்சக்கரங்களை வெட்டுவதுதான் வேலை. நான் விருதுநகர்ப் பக்கம். ஐடிஐ முடித்த கையோடு இங்கே வந்துவிட்டேன். அவன் இதே மாவட்டத்துக்காரன், மத்தூரை ஒட்டிய ஒரு கிராமம். நான் "வாரேன்" என்று சொன்னால் அவனும் இழுத்து "வாரேஏன்" என்பான். பதினான்கு வருஷமும் அந்தக் கேலி அவனுக்குச் சலிக்கவில்லை.

அவனுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்று தெரிந்தபோது அவனுக்கு வயது நாற்பத்தொன்று. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். மாற்று அறுவைக்கு அவனுடைய அக்கா ஒரு சிறுநீரகம் தருவதாகச் சொன்னாள். செலவுக்குத்தான் வழியில்லை. அந்த நேரத்தில்தான் எங்கள் எச்.ஆர். அதிகாரி என்னைக் கூப்பிட்டு, பெங்களூரில் ஓர் அறக்கட்டளைக்காரர்கள் மாரத்தான் ஓடுகிறவர்கள் பெயரில் நிதி திரட்டுகிறார்கள், கம்பெனியிலிருந்து ஒருவர் ஓடினால் திரளும் பணத்தை இவனுடைய அறுவைக்கே கொடுப்பார்கள் என்றார். பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாதவன் நான். சரியென்று கையெழுத்துப் போட்டேன்.

மத்தியானம் வேலைக்குப் போகும் பி ஷிப்ட் வாரங்களில் விடிந்ததும் கெலவரப்பள்ளி அணைப் பக்கம் போய் ஓடினேன். டயாலிசிஸ் இல்லாத நாட்களில் அவனும் ஸ்கூட்டரில் வந்துவிடுவான். என் பின்னாலேயே மெதுவாக உருட்டிக்கொண்டு வந்து, கிலோமீட்டரைச் சத்தமாகச் சொல்வான். ஆலைக் கழிவு கலந்த ஆற்றில் நுரை வெள்ளை வெள்ளையாகப் பொங்கி நிற்கும். காற்று அடித்தால் அது பிய்ந்து ரோட்டில் உருண்டு வரும். அந்த நாற்றத்தில் மூச்சு வாங்கி நான் நின்றால் வண்டியிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுப்பான். அவனுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று டாக்டர் அளந்து கொடுத்திருந்தார். நான் அண்ணாந்து மடக் மடக்கென்று குடிப்பதை அவன் பார்த்துக்கொண்டே இருப்பான். ஒரு நாள் கூச்சப்பட்டுத் திரும்பிக்கொண்டேன்.

"இன்னாத்துக்குத் திரும்பற? இப்டியே குடி. பாக்கறதுக்காவது விடுடா" என்றான்.

அறக்கட்டளையில் போட்டோ கேட்டார்கள். அவன் மட்டும் இருந்தால் போதாது, குடும்பத்தோடு இருந்தால்தான் மனசு இளகிக் கொடுப்பார்கள் என்றார்கள். அவன் பெண் பிளஸ் டூ முடித்த அன்று அவனும் மனைவியும் பெண்ணுமாக மூவரும் நின்று எடுத்த படம் ஒன்று என் போனில் இருந்தது. அதை அனுப்பிவிட்டேன். அவனைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இதை எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். மறந்துபோனேன் என்று சொல்ல முடியாது. தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த வாரமே கம்பெனி கேட்டில், கேண்டீனில், எல்லோர் வாட்ஸ்அப்பிலும் அந்தப் படம். மருத்துவ விடுப்புக் கடிதம் கொடுக்க வந்தவன் அதைப் பார்த்தான். ஷெட்டுக்கு வெளியே என்னைக் கூப்பிட்டு நிறுத்தினான்.

"யாரக் கேட்டு எம் பொண்ணு போட்டோவக் குடுத்த?"

"அவங்க கேட்டாங்கடா. குடும்பத்தோட இருந்தாத்தான் நாலு பேரு கொடுப்பாங்கன்னு..."

"கேண்டீன்ல கை கழுவற எடத்துல ஒட்டி வெச்சிருக்கறாங்க. தின்னுட்டு வாய் கொப்பளிக்கறவனெல்லாம் எம் பொண்ணப் பாத்து உச்சுக் கொட்டறான். எங்கண்ணன் ஊர்ல இருந்து போன் பண்றான், நெலம் நீச்சு இருக்கற குடும்பத்தக் கையேந்த வெச்சுட்டியேன்னு. நான் இன்னா சொல்லட்டும்?"

"உயிரோட இருக்கணும்ல. அதுக்குத்தான்."

"உயிரு எனுது. உனக்கு இன்னா அவசரம்?"

வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அந்த மாதமே ஓசூர் வாடகை வீட்டைக் காலி செய்து மத்தூருக்குக் குடும்பத்தோடு போனான். டயாலிசிஸைக் கிருஷ்ணகிரிக்கு மாற்றிக்கொண்டான். நான் போன் செய்தால் எடுக்கவில்லை.

நான் ஓட்டத்தை விடவில்லை. ஓடி முடித்து, அறுவையும் முடிந்து, அவன் குணமாகிவிட்டால் கோபம் தானாகப் போய்விடும் என்று நினைத்தேன். இருபது, இருபத்தைந்து என்று தூரத்தைக் கூட்டினேன். கால் கட்டைவிரல் நகம் கறுத்து விழுந்தது. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி ஒரு மணி நேரப் பயணம்தான். ஒரு நாள்கூடப் போகவில்லை. போனால் பேச வேண்டும். ஓடும்போது யாரோடும் பேச வேண்டியதில்லை.

ஒரு சனிக்கிழமை முப்பது கிலோமீட்டர் ஓட்டம். போனை ரூமிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் அவனிடமிருந்து நான்கு அழைப்புகள். குளித்து, சாப்பிட்டு, படுத்துத் தூங்கிவிட்டு, சாயங்காலம்தான் கூப்பிட்டேன். எடுத்தான்.

"இன்னா, ஓடிக்கினு இருந்தியா?"

"ஆமாடா. என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான். சரி, ஓடு."

வேறொன்றும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கோபம் தணிந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டு அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன். புதன்கிழமை அவனுக்குக் குளிர் காய்ச்சல் வந்தது. ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது என்றார்கள். வெள்ளிக்கிழமை காலையில் இறந்துபோனான்.

ஓட்டத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. திரட்டிய பணம் வேறொரு நோயாளிக்குப் போகும், அதனால் நான் ஓடத்தான் வேண்டும் என்று அறக்கட்டளையில் சொன்னார்கள். அதில் தவறு காண எனக்கு ஒன்றும் இல்லை. ஓடினேன்.

அத்திப்பள்ளி தாண்டிப் போய் முந்தின நாளே பெங்களூரில் தங்கினேன். என் பனியனில் அவன் படத்தை அச்சடித்திருந்தார்கள். இருபது கிலோமீட்டர் வரை நன்றாகவே போனேன். முப்பதுக்கு மேல் தொடை கட்டை மாதிரி இறுகிவிட்டது. நடந்தேன், நின்றேன், மறுபடி நடந்தேன். கடைசியில் வருபவர்களை ஏற்றிக்கொள்ளும் பஸ் பின்னாலேயே வந்தது. அதிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்து, கன்னடத்தில், "பஸ் ஹத்தி சார்" என்று ஏறிக்கொள்ளச் சொன்னாள். நான் தலையை ஆட்டிவிட்டு நடந்தேன். உறுதியெல்லாம் இல்லை. ஏறினால் அந்தப் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர்கள் பனியனிலுள்ள படம் யார் என்று கேட்பார்கள் என்ற பயம்தான். நான் போய்ச் சேர்ந்தபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அட்டைப் பெட்டிக்குள் தேடி ஒரு மெடலை எடுத்துக் கழுத்தில் போட்டார்கள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மத்தூர் போனேன். மெடலைக் கொண்டுபோகலாமா என்று யோசித்து, கொண்டுபோகவில்லை. அவன் மனைவி "வாங்கண்ணா" என்றதோடு சரி. பந்தலில் இலை போட்டு முடிந்த பிறகு அவன் பெண் வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள்.

"மாமா, ஓடி முடிச்சீங்களா?"

"முடிச்சேம்மா."

பிறகு அவளே சொன்னாள். "அந்தச் சனிக்கிழமை எனக்குப் பரீட்சை. அம்மாவுக்கும் ஒடம்பு முடியல. அப்பா தனியாத்தான் பஸ் ஏறி டயாலிசிஸுக்குப் போனாரு. நாலு மணி நேரம் தனியாப் படுத்திருக்கப் பயமா இருக்குது, அவனக் கூப்புட்டா வருவான்னு ஒங்களத்தான் சொல்லிக்கினு போனாரு."

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீங்க ஓடாம இருந்திருந்தா வந்திருப்பீங்கதானே மாமா?"

அவள் குத்திக் காட்டக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். வந்திருப்பேன் என்று சொன்னேன். உண்மையிலேயே வந்திருப்பேனா என்று இன்றைக்கு வரை எனக்கே தெரியாது. அவள் எழுந்து அம்மாவிடம் போய்விட்டாள். நான் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன். சேறாகிக் காய்ந்த வண்டிப் பாதையில் கால் இன்னும் வலித்தது.

அந்தப் பணத்தில் யாரோ ஒரு பெண்மணிக்கு அறுவை நடந்து, அவர் வீடு திரும்பிவிட்டார் என்று பிறகு எச்.ஆர். அதிகாரி சொன்னார். நல்லது சார் என்றேன். நல்லதுதான். அதைக் கேட்டு எனக்குள் ஒன்றுமே நடக்காததுதான் பயமாக இருந்தது. பக்கத்து மெஷினில் காண்ட்ராக்டில் ஒருவரைப் போட்டிருந்தார்கள். தெலுங்குக்காரர், நல்ல வேலைக்காரர். அவரோடு இன்னும் நான்கு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை.

இந்த வருஷமும் கூப்பிட்டுக் கேட்டார்கள். ஒரு குழந்தைக்காக என்றார்கள். முட்டி போய்விட்டது சார், டாக்டர் ஓடக் கூடாது என்றிருக்கிறார் என்று சொல்லிவிட்டு லைனுக்குத் திரும்பினேன். நான் எந்த டாக்டரிடமும் போகவில்லை.