விளக்கடியில் கட்டிய ஆடுகள்

சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருந்த எங்கள் லைனில் ஆடு வைத்திருந்தவர்கள் எல்லோரும் சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாப்ட் பக்கத்து விளக்குக் கம்பத்துக்குக் கீழேதான் கட்டுவார்கள். சுரங்கத்தில் மூன்று ஷிப்டும் ஓடியதால், பொழுது சாயும்போது எரிய ஆரம்பித்தால் அந்த விளக்கு விடிகிற வரை அணையாது. திருடன் வரமாட்டான், நாய் வராது, ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் கண்ணிலும் படும். நாட்டு ஆடுகள் அந்த வெளிச்சத்திலேயே படுத்து, அதிலேயே குட்டி போட்டு, அவை பாட்டுக்குப் பெருகின. நானும் என் ஆடுகளை அங்கே கட்டினேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

என் ஆடுகள் நாட்டு ஆடுகள் இல்லை, அதுதான் வினை. என் கணவர் பூமிக்கடியில் மரம் முட்டுக் கொடுக்கிற வேலை பார்த்தவர். நெஞ்சில் கல்தூசு இறங்கிவிட்டது, இனி ஆளைக் கீழே இறக்குகிற கேஜில் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெங்களூர்ப் பக்கம் ஒரு பண்ணையில் வேலை பார்த்த அவருடைய சிநேகிதர், ஒரு சித்திரையில் மூன்று பெட்டைக் குட்டிகள் வாங்கிக் கொடுத்தார். சீமை ஆட்டுக் கலப்பு. நாலு மாதக் குட்டிகள், கம்பளி மட்டும் கிழட்டு ஆடு மாதிரி மண்டிக்கிடந்தது.

அந்த மூன்றையும் வைத்து அவர் ஒரு வாழ்க்கையையே கட்டிவிட்டார். அவை குட்டி போடும், மந்தையாகும், பேத்தமங்களாவில் என் தம்பி நிலத்தோரம் குடிசை போட்டுக்கொண்டு ஆட்டுக்காரராக இருப்பார். நான் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். என் சம்பளத்தில் சாப்பிடுகிறோமே என்று அவர் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. வேலை போன நாளிலிருந்து இரண்டாம் முறை சோறு கேட்டதும் இல்லை.

வந்த வாரமே அவருக்கு மனசு கேட்கவில்லை. குட்டிகளை வீட்டுக்குப் பின்னால் கட்டலாம் என்றார்.

"டீச்சரம்மா, இதுங்க கண்ண மூட மாட்டேங்குது. கொஞ்சம் இருட்டு வேணாமா?"

"இருட்டுலயே கெடந்து நீங்க இன்னா கண்டீங்க?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு நாக்கு அப்படி.

ஆடி மாதம் மூன்றில் ஒன்றுக்குக் கால் நொண்டியது. மேய்ச்சலுக்கு நடக்க முடியவில்லை என்று அதைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்தேன். மற்ற இரண்டும் விளக்கடியிலேயே வளர்ந்தன. ஐப்பசி வந்தது, கார்த்திகை வந்தது. பக்கத்து வீட்டு ஆடுகள் எல்லாம் சினை. என்னுடையவை கிடாயைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேறொரு கிடாயைக் கொண்டுவந்து விட்டும் பார்த்தாயிற்று. அது மோந்து பார்த்துவிட்டுத் தள்ளிப் போய்ப் படுத்துக்கொண்டது.

குழாயடியில் ஒருத்தி, வீட்டுராசி ஆட்டுக்கும் தொத்திக்கிச்சு போல என்றாள். எனக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடம், குழந்தை இல்லை. பாதிக் குடத்தோடு வீட்டுக்கு வந்தேன். அவளை ஒன்றும் சொல்லத் துப்பில்லாத நான், ஆடுகளைப் பார்த்து, "மலட்டு மூதேவிங்களா" என்று கத்தினேன். எந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு உடம்பெல்லாம் எரியுமோ, அதே சொல். அவர் கட்டிலில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

மார்கழியில் அவருக்கு மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கிறிஸ்துமஸ் நெருங்கிக்கொண்டிருந்தது, கறிக்கடைக்காரர் இரண்டு தடவை கேட்டுவிட்டார். மருந்துச் செலவுக்காக விற்றேன் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மை அது இல்லை. அவற்றைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. கயிற்றை அவிழ்த்து நானே கடை வரை இழுத்துக்கொண்டு போய் விட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவர் கம்பத்தடியில் நம் ஆடுகளைக் காணோமே என்று கேட்டார். தம்பியிடம் அனுப்பிவிட்டேன் என்று சொன்னேன். நல்லதாப் போச்சு என்றார்.

பங்குனியில் தம்பி பஸ்ஸில் வந்தான். கோணிப்பைக்குள் ஒரு குட்டி. அந்த நொண்டி போட்ட குட்டி. ஐப்பசியிலேயே கிடா சேர்ந்திருக்கிறது. அவர் அதை வாங்கி நெஞ்சின் மேல் போட்டுக்கொண்டார். இருமல் வந்தும் இறக்கவில்லை. குட்டியைப் பார்க்க வந்த மாட்டு டாக்டர் சொன்னதைத் தம்பி அவரிடம் அப்படியே சொன்னான்.

"இந்தச் சாதி ஆடு பகல் கொறையறத பாத்துத்தான் பருவத்துக்கு வருமாம், மாமா. நம்ம கொட்டாயில கரண்டு இல்ல, அதால சரியா வந்துச்சு. ராவெல்லாம் வெளிச்சத்துல இருந்தா அதுக்கு வெயில் காலம் முடியவே முடியாதாம். மலடெல்லாம் இல்ல, கொஞ்சம் தள்ளிப் போவும், அவ்ளோதான்."

அவர் என்னைக் குத்திக்காட்டவில்லை. முகமெல்லாம் சிரிப்பு.

"அப்ப அந்த ரெண்டுக்கும் ஒண்ணுமில்ல. வர்ற ஆவணிக்கு மேல பகல் கொறையும், இல்ல?"

தம்பி என்னைப் பார்த்தான். நான் அவனைப் பேசவிடவில்லை. ஆமாம், ஆவணிக்கு மேல் என்று நானே சொன்னேன்.

அவரால் லைன் முனை வரைக்கும்கூட நடக்க முடியாது. பேத்தமங்களா போய்ப் பார்க்கப் போவதில்லை என்ற தைரியத்தில் பொய்யை வளர்த்தேன். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்குப் போய்விட்டு வந்து, ஆடுகள் எப்படி இருக்கின்றன என்று சொல்வேன். ஒன்று கொழுத்துவிட்டது, ஒன்று வேலியைத் தாண்டுகிறது என்பேன். ஆவணிக் கடைசியில் இரண்டும் கிடாயோடு சேர்ந்துவிட்டன என்றேன். அன்று அவர் இரண்டாம் முறை சோறு கேட்டார். அதன் பிறகு விரலை மடக்கி மாதம் எண்ண ஆரம்பித்தார். ஐந்து மாதம், தை கடைசியில் குட்டி. இரட்டைக் குட்டியாகக்கூட இருக்கும் என்பார். ஆமாம் என்பேன். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை வாயெடுத்தேன், அந்த விரல்களைப் பார்த்தால் வராது.

மார்கழி பாதியில், ஒரு காலை வேளையில், பாத்திரம் கழுவிவிட்டு உள்ளே வந்தேன். அவர் போய்விட்டிருந்தார். லைனே கூடி அழுதது. நானும் மார்பில் அடித்துக்கொண்டு அழுதேன், பொய் அழுகை இல்லை. ஆனால் அந்த அழுகைக்கு நடுவிலேயே எனக்கு ஒரு நிம்மதி வந்தது. தை மாதம் குட்டிகள் எங்கே என்று கேட்க இனி ஆள் இல்லை.